படுத்திருந்த பல்

நண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. நண்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் அப்படி.

அவளுடைய அப்பா வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குபவர். பீரோவையே முதுகில் சுமப்பார். அப்படிப்பட்டவர் பல் டாக்டரின் நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "இந்த ஞானப்பல்தான் தொந்தரவு. படுத்திருக்கு. பக்கத்துல நரம்பு ஓடுது. துண்டு துண்டா வெட்டித்தான் எடுக்கணும்."

நண்டுக்குத் தலை சுற்றியது. படுத்திருந்தால் எழுப்பிவிட்டால் போதாதா? நரம்பு எங்கே ஓடுகிறது? வெட்டப்போவது பல்லையா, அப்பாவையா?

"ஒரே இழுப்புல பிடுங்குங்க. இல்லன்னா ஆளை விடுங்க!" என்று அப்பா விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

நேற்று இரவெல்லாம் அவர் வலியில் முனகியது நண்டுக்கு நினைவு வந்தது. இன்றும் முனகுவாரே! அவள் டாக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, பல் எப்படிப் படுக்கும்?"

"மத்த பல்லெல்லாம் நிமிர்ந்து நிக்குது பாரு. இதுக்கு வளர இடமில்லை. எலும்புக்குள்ள சாஞ்சு, முன்னாடி பல்லை முட்டிக்கிட்டுக் கிடக்கு. கீழே கோடு தெரியுதா? அதுதான் நரம்பு போற வழி. இழுத்தா நசுங்கிடும். அப்புறம் உதடு மரத்தே போயிடலாம்."

நண்டு உற்றுப் பார்த்தாள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே... அட! ஒரே ஓட்டமாக வெளியே ஓடினாள்.

"அப்பா, மாடி வீட்டுக் கட்டில் வாசல்ல சிக்கிக்கிச்சே, ஏன் நீங்க இழுக்கலை?"

"இழுத்தா சுவர் பேந்துடும்மா. உள்ளே வயர் வேற ஓடுது. அதான் கழட்டி, துண்டு துண்டா..."

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார்.

"உங்க வாய்லயும் ஒரு கட்டில் சிக்கியிருக்குப்பா," என்றாள் நண்டு.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வலியும் வந்தது. கன்னத்தைப் பிடித்தபடி உள்ளே போனார். "டாக்டரம்மா, கழட்டிடுங்க. வயர் மட்டும் பத்திரம்!"

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் விழித்தார். இப்போது குழம்புவது அவருடைய முறை.

வேலை முடிந்ததும் சின்ன டப்பாவில் பல்லைக் கொடுத்தார். மூன்று துண்டுகள். அப்பா வாயில் பஞ்சோடு அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பழக்கம் விடுமா? ஒன்றோடு ஒன்றைப் பொருத்த ஆரம்பித்தார்.

"ஐயோ அப்பா!" நண்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். "இந்தக் கட்டிலை மட்டும் திரும்ப மாட்டிடாதீங்க!"