ஓக்கோ மிதித்த காற்று

கடைசிக் கோப்பைத் தேநீரைக் குடித்து முடித்து, அடியில் கரையாமல் கிடந்த கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டான் ஓக்கோ.

"வாசிக்கிறது நீ, மூச்சு என்னுது. பாராட்டு மட்டும் உனக்கு" என்று மனைவி ஹில்கேயைச் சீண்டிவிட்டு, தேவாலய ஆர்கனுக்குப் பின்னாலிருந்த துருத்தி அறைக்குள் போனான்.

மறுநாள் இறந்தவர்களை நினைத்து ஜெபிக்கும் மரித்தோர் ஞாயிறு; அதற்கு இன்று ஒத்திகை. ஆர்கனுக்குக் காற்றூட்டும் மோட்டார் பழுது. பழைய முறைப்படி யாராவது துருத்தியின் மிதிபலகைகளை மிதித்தாக வேண்டும். அவனுக்கு இதயம் பலவீனம். வேண்டாம் என்று அவள் ஒரு தடவைதான் சொன்னாள்.

துருத்தி அறை மணியின் கயிற்றை அவள் ஒருமுறை இழுத்தால் அவன் மிதிக்க வேண்டும், மறுபடி இழுத்தால் நிறுத்த வேண்டும். ஞானப்பாட்டு முடிந்ததும் ஹில்கே இரண்டாவது மணியை மறந்து, ஈரக் கம்பளியும் மெழுகும் மணக்கும் அந்த மாலை மங்கலில் இசைத்தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பலகைகள் முனகி முனகி இறங்கின. அவள் கை நின்றது. வாசித்துக் காற்று செலவானால்தான் பலகை மேலே எழும். எழாத பலகையை எப்படி மிதிக்கிறான்?

"போதும் ஓக்கோ, வெளியே வா. குளிருது."

மணியை இழுத்தாள். மிதிச்சத்தம் நிற்கவில்லை.

சுற்றிக்கொண்டு ஓடினாள். ஓக்கோ தரையில் கிடந்தான். உதடு நீலம். மூன்று பலகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு ஆளின் கனத்தோடு, இறங்கி ஏறின. அவற்றின் மேல் யாருமில்லை. ஒவ்வொரு பலகை இறங்கும்போதும் அவன் மார்பு உயர்ந்தது.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக.

காற்று செலவாக வேண்டும்; அப்போதுதான் பலகைகள் எழுந்து இறங்கும், அவனும் மூச்சு விடுவான். திரும்பி ஓடி, எல்லாக் குழாய்களையும் திறந்து இரு கைகளாலும் கட்டைகளை அழுத்தினாள். யாராவது வரட்டும். ஊரே கேட்கட்டும். ஊர் கேட்டது. நாளைக்கான ஒத்திகை என்று நினைத்தது. விரல் மரத்தது. விடவில்லை. நகம் பிளந்தது. விடவில்லை.

இருட்டிய பிறகுதான் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மென்னோ விளக்கோடு வந்தார். துருத்தி அறைக்குள் போனவர் ஓடிவந்தார்.

"ஹில்கேம்மா, நிறுத்துங்க. உடம்பு விறைச்சே போச்சு."

"மூச்சு விடுறான், நல்லா பாருங்க! கையைத் தொடாதீங்க, மென்னோ, தொடாதீங்க!"

அவர் அவள் கைகளைப் பிடித்து இழுத்தார். பின்னால் நடுப்பலகை பாதி முனகலில் நின்றது.

புதன்கிழமை அடக்கம் செய்தார்கள். பிறகு இரண்டு பேர் நின்றுபோன பலகையைக் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள். நடுப்பலகை எழவில்லை. அதன் துருத்தி அன்றைய காற்றோடு இன்னும் நிறைந்தே இருக்கிறது.