பழுப்பு எங்கே போச்சு?

அறிவியல் கண்காட்சி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பள்ளிக்கூடமே அமர்க்களப்பட வேண்டிய நேரம். ஆனால் பிள்ளைகள் எல்லோரும் அரங்கத்துக்கு வெளியே வெயிலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

காரணம் ஒரு கண்ணாடிக் குழாய். விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு முனையையும் உருக்கி அடைத்த அந்தக் குழாய்க்குள் பழுப்பு நிற வாயு இருந்தது. பொல்லாத நச்சு வாயு. அறிவியல் மிஸ் வந்து பார்த்தால், பழுப்பையே காணோம். குழாய் வெளிறிக் கிடந்தது.

"வாயு கசிஞ்சிருக்கு. எல்லாரும் வெளியே போங்க" என்று மிஸ் கத்தினார். குழாயை மூடிபோட்ட ஜாடிக்குள் வைத்து, அவரும் வெளியே வந்துவிட்டார்.

குழாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புயல் என்ற மாணவியுடையது. யோசிக்காமல் சட்டென்று எதையாவது செய்துவைப்பாள், அதனால் அந்தப் பட்டப்பெயர். எல்லோரும் அவள் தலையிலேயே பழியைப் போட்டார்கள். கசிந்தது உண்மையென்றால் இனி அவள் ஆய்வகப் பக்கமே வரக்கூடாது என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆய்வகம் என்றால் உயிரையே விடுகிற பெண் அவள். பாவம், பேயறைந்த மாதிரி நின்றாள்.

அவளுடைய தோழியை வக்கீல் என்பார்கள். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். புயலைத் தனியே இழுத்துப்போய், என்னதான் நடந்தது என்று கேட்டாள்.

"குழாய் சூடாகக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்கல்ல? மேசையில வெயில் அடிச்சுது. அதான், கேண்டீன்காரரோட கூல்டிரிங்க்ஸ் ஐஸ் பெட்டிக்குள்ள வச்சேன். இப்பதான் எடுத்தேன். குளிர்ல கண்ணாடி விரிசல் விட்டிருக்கும்டி."

மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

வக்கீலின் மூளை பரபரவென்று வேலை செய்தது. கண்காட்சியில் அந்தக் குழாயைப் பற்றிப் பேசப் போவதே அவள்தான். உள்ளே துகள்கள் தனித்தனியாகத் திரிந்தால் பழுப்பு. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தால் நிறமே இல்லை. சேர்வதும் பிரிவதும் ஓயாமல் நடக்கும். சூடு ஏறினால் பிரிவது அதிகமாகும். அப்படியானால், குளிர்ந்தால்?

"ஐஸ்ல வச்சதை மிஸ்கிட்ட சொல்லிடு" என்றாள்.

"இன்னும் திட்டு வாங்கவா?"

"வாயு எங்கேயும் போகலைன்னு நினைக்கிறேன். உள்ளேயே ஜோடி சேர்ந்திருக்கும். சூடு பட்டா பழுப்பு திரும்பி வரணும்."

"வரலைன்னா?"

வரவில்லை என்றால் கசிந்தது உண்மையாகிவிடும்.

இருவரும் போய்ச் சொன்னார்கள். ஐஸ் என்றதும் மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். ஓடிப்போய் ஜாடியை எடுத்துவந்து மதில்மேல் வெயிலில் வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புயல் தன் தோழியின் கையை நெரித்தாள்.

அப்புறம் குழாய்க்குள் லேசாக, தண்ணீரில் டீ கலந்த மாதிரி ஒரு நிறம் தெரிந்தது. வர வர அது கெட்டியாகி, பழைய பழுப்பே வந்துவிட்டது. தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு, எல்லோரும் உள்ளே போகலாம் என்றார். கேண்டீன்காரர் மட்டும் முதல் வேலையாகத் தன் ஐஸ் பெட்டியைப் பூட்டினார்.

விருந்தினர்கள் வந்தார்கள். வக்கீல் பேச ஆரம்பித்தாள். மிஸ் ஒரு கிண்ணம் நிறைய ஐஸை மேசையில் வைத்துவிட்டு, கையுறையைப் புயலிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் குழாயை எடுத்து, எல்லோர் கண்ணெதிரே ஐஸில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.