முதல் தாங்குநர்

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த செங்கோடனின் தொடைகள் எரியத் தொடங்கியபோது, சைக்கிள் பந்தயம் கொல்லிமலை அடிவாரத்தை இன்னும் தொடவில்லை.

அவன் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அறுபத்தாறாவது வளைவின் தடுப்புக் கல்லை ஒட்டி அமர்ந்து, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு, கீழே மடிந்து மடிந்து இறங்கும் சாலையைப் பார்த்தான். வெயில் கொளுத்தியது. அந்த வளைவில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

"எதுத்தாப்புல காத்து அடிக்குதாட்டம் இருக்குது அவனுக்கு," என்றாள் அவன் மனைவி பாவாயி, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல். "உங்க மூக்கு விடைக்குது."

"சும்மா இரு."

"மூணு வாரமா சும்மாதான் இருக்கறேன். ராத்திரியானா கால் புடிச்சு உடறேன். கட்டுன புருசன் கால்னு நெனச்சுப் புடிச்சா, அது அந்த ரெமியோட காலு."

செங்கோடன் சாலையையே பார்த்தான். இந்த மூன்று வாரத்தில் அவன் பேசியதே குறைவு.

அயர்வுக்கடத்தி வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தசை உண்மையில் ஓய்ந்துபோவதற்கு வெகு முன்னரே மூளை 'போதும்' என்று சொல்லிவிடுகிறது என்பதை மருத்துவர்கள் எப்போதோ கண்டிருந்தார்கள். வீரனின் பின்கழுத்தில் நெல்மணி அளவில் பதித்த கடத்தி, அந்தப் 'போதும்' அவனை எட்டுமுன் பிடித்து வெளியே அனுப்பியது. நாடெங்கும் அவன் பெயரில் தாங்குபட்டை கட்டியிருப்பவர்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆள் கூடினால் பங்கு குறையும். ஒருவர் விலகினால் அவருடைய பங்கு மற்றவர்கள்மேல் ஏறும். ஒருவர் மட்டும் மிஞ்சினால் முழுப் பாரமும் அவர்மேல்தான்; தாங்க யாருமே இல்லாதபோதுதான் அது வீரனுக்குத் திரும்பும். ஓட்டம் முடிந்தவுடன் கடத்தியை நிறுத்தினால் நெஞ்சு நின்றுவிடுகிறது என்று கண்டபின், பரிசளிப்பு முடியும் வரை அதை அணைப்பதில்லை.

சாலையோரத்தில் நின்று கைதட்டுவது இப்போது குழந்தைகளின் வேலை. ரசிகன் என்றால் பட்டை கட்ட வேண்டும். ஒரே வீரனைத் தாங்குபவர்கள் ஒரே நொடியில் முகம் சுளிப்பார்கள். பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் அப்படிச் சுளித்துவிட்டு, சிரித்துக்கொண்டு கை கொடுப்பதை எங்கும் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அதிகமாகத் தாங்கியவரின் பெயரும் படமும், வென்றவனின் படத்துக்குப் பக்கத்தில் திரையில் வரும்.

இந்த ஆண்டுத் தென்மலைச் சுற்றில் மிக அதிகமான தாங்குநர்கள் இருந்தது தூத்துக்குடி ரெமிஜியுஸுக்கு. யாருக்கும் காரணம் புரியவில்லை. போன ஊரிலெல்லாம் அவனுக்கு வசைதான் கிடைத்தது. திண்டுக்கல்லில் அவன்மேல் காறித் துப்பினார்கள். ஆனாலும் கட்டத்துக்குக் கட்டம் அவனுடைய தாங்குநர்கள் பெருகினார்கள், அவன் முன்னிலைக்கு வந்தான். செய்தித்தாள்கள் அவர்களுக்கு 'மௌன ரசிகர்கள்' என்று பெயர் வைத்தன.

செங்கோடன் அவர்களில் ஒருவன்.

போன ஆண்டு இதே வளைவில், ராசிபுரத்து முத்தரசன் முன்னால் ஏறிக்கொண்டிருந்தபோது ரெமி அவனை உள்பக்கமாக ஒட்டி வந்தான். அடுத்த கணம் முத்தரசன் தடுப்புக் கல்லைத் தாண்டிக் கீழ்ச் சாலையில் கிடந்தான். ரெமியின் முழங்கை பட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் செங்கோடன் எல்லோரிடமும் சொன்னான். முத்தரசன் மட்டும் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இடுப்பில் தகடு வைத்தார்கள். அதன்பின் அவன் சைக்கிளில் ஏறவில்லை.

செங்கோடனுக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. முத்தரசன் ஓட்டிய காலத்தில் அவன் பட்டை கட்டியதில்லை. கட்டினால் மறுநாள் வெல்டிங் கோலைப் பிடிக்கக் கை நிற்காது. அதற்குப் பதிலாகத் தொண்டை கிழியக் கத்தினான். பெயிண்டரிடம் சண்டை போட்டு, லாரிகளின் பின்பக்கத்தில் முத்தரசனின் முகத்தை எழுத வைத்தான். இந்த ஆண்டு மட்டும் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ராமேஸ்வரத்துக் கடல்காற்றிலிருந்து பழனி ஏற்றம் வரை ரெமியைத் தாங்கினான். அறுபத்தாறாவது வளைவுக்கு ரெமி வரும் கணத்தில் பட்டையை விடுவிக்க வேண்டும். மலையேற்றத்தில் மற்றவர்கள் வலி தாங்காமல் முன்பே கழற்றியிருப்பார்கள் என்பது அவன் கணக்கு; மொத்தக் களைப்பும் ஒரே அடியாக ரெமிமேல் விழ வேண்டும். அதை இங்கே, முத்தரசனின் கண்முன்னால் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

முத்தரசன் சாலையின் அந்தப் பக்கம் மாலையோடு உட்கார்ந்திருந்தான். ஊர்க்காரர்கள்தான் அழைத்து வந்திருந்தார்கள். கைத்தடி மடியில் கிடந்தது. அவன் காலடியில், தார்ப்பாய்க்குக் கீழே, முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன.

"என்னய்யா அது?" என்றார் ரோந்து வந்த போலீஸ்காரர்.

"கட்டுச்சோத்துக்குத் தொட்டுக்கறதுக்குங்க," என்றான் ஊர்க்காரன் ஒருவன்.

"வேக வச்சதா?"

"ரெமி வந்தான்னா வெந்துருமுங்க."

கூட்டம் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் நீலச் சட்டை போட்ட ஒருவன் மேலிருந்து இறங்கி வந்தான். ரெமியின் அணிச் சட்டை.

"ஏப்பா, உப்புக்காத்து இங்க ஒத்துக்காது. எறங்கிப் போ," என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் அவன் காலருகே தண்ணீரைக் கொட்டினான். வந்தவன் எதையும் பொருட்படுத்தாமல் நேராகச் செங்கோடனிடம் வந்து நின்றான்.

"தண்ணி இருக்கா அண்ணாச்சி?"

பாவாயி வேண்டாவெறுப்பாகப் பாட்டிலை நீட்டினாள். அவன் வாயில் வைக்கும்போதே கீழே எங்கோ ரெமி மிதியை அழுத்தினான். ஊசிபோல ஒரு வலி கெண்டைக்கால் வழியே ஏறியது. நீலச் சட்டைக்காரனின் இடது கண் சுருங்கியது. செங்கோடனுக்கும் சுருங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வந்தவன் குனிந்து, காதோடு கேட்டான். "எந்த வளைவுல விடப்போறீய?"

செங்கோடன் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பயப்படாதீய. இந்த வெயிலுல முழுக்கைச் சட்டையப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. பேரு கஸ்பார். எங்க அத்தான் மூணு வருசம் அவனுக்குத் தண்ணி சுமந்து பின்னாலயே ஓட்டுனாரு. ஒரு நாளு காய்ச்சலு, பின்தங்கிட்டாரு. அன்னைக்கே அணியில இருந்து கழட்டி விட்டுட்டான். நான் அறுவதுல விடப்போறேன்."

"சட்டை?"

"சட்டை எங்க ஊருக்காரன் பாக்கதுக்கு."

செங்கோடன் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு, "இன்னும் எத்தன பேரு இப்புடி?" என்றான்.

"நான் கேட்ட ஆளு பூராவும் இப்படித்தான். பிடிச்சவனுக்கு எவன் அண்ணாச்சி இவ்வளவு நாளு தாங்குவான்? ரெண்டாம் நாளே காலு வலிக்குன்னு கழட்டிருவான்."

கஸ்பார் சிரித்தான். செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடற்கரை, சமவெளி, கணவாய் என்று எல்லா இடத்திலும் ரெமியை முன்னால் தள்ளி வந்தது யார் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. அந்த எண்ணத்தை மேற்கொண்டு போகவிடாமல் நிறுத்தினான். இன்னும் சற்று நேரம்தானே.

பந்தயம் அடிவாரத்துக் காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கியது.

சத்தம் முதலில் கீழே கேட்டது. பிறகு, காடு அதை விழுங்கிவிட்டதுபோல, நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. வளைவில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த மௌனத்துக்குள் செங்கோடனின் உடம்பு கனக்கத் தொடங்கியது. வழக்கமான கனம் இல்லை. யாரோ மூட்டைமேல் மூட்டையாக அடுக்குவதுபோல இருந்தது.

பாவாயி கைபேசியைப் பார்த்தாள். "ஆளுக குறையறாங்க. மளமளன்னு கழட்டறாங்க."

ஒவ்வொருவருக்கும் ஒரு வளைவு இருந்திருக்கிறது. ஒருவன் பத்தில் விட்டான், ஒருவன் முப்பதில் விட்டான். ரெமி துடிப்பதைப் பார்க்கவே எல்லோரும் விட்டார்கள். ஆனால் விட்டவர்களின் பாரம் ரெமிமேல் விழவில்லை, விடாதவர்கள்மேல் விழுந்தது. கைபேசியில் ரெமி அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சக்கரத்தோடு சக்கரமாக ஓசூர்க்காரன் ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

"நீங்களும் இப்பவே கழட்டுங்க," என்றாள் பாவாயி.

"அறுவத்தாறு."

"நாசமாப் போன அறுவத்தாறு! உடம்பப் பாருங்க."

"அறுவத்தாறு," என்றான் மறுபடியும். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது.

ரெமி அறுபதாவது வளைவை எட்டியதும் கஸ்பார் தன் பட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். நீண்ட மூச்சு விட்டான். தொடைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தான். "மிச்சத்த நீங்க பாத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றான். நீலச் சட்டையைக் கழற்றிச் சாலையில் போட்டு மிதித்தான். அதைப் பார்த்த கூட்டம் விசில் அடித்தது. யாரோ அவன் கையில் ஒரு முட்டையைக் கொடுத்தார்கள்.

அவனுடைய பாரமும் வந்து சேர்ந்தபோது செங்கோடனின் தலை மார்பில் தொங்கியது. கைபேசியில் எண்ணிக்கை நிற்காமல் இறங்கி, கடைசியில் ஒன்று என்று நின்றது.

அறுபத்து நான்கு. அறுபத்தைந்து. கீழ் வளைவில் ஆரவாரம் வெடித்தது. விட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பட்டை இடது கையின் மேற்பகுதியில், சட்டைக்குள் இருந்தது. வலது கையை அங்கே கொண்டுபோக வேண்டும். செங்கோடன் கையைத் தூக்கினான்.

கை தொடைமேலேயே கிடந்தது.

மீண்டும் முயன்றான். விரல்கூட அசையவில்லை. கையில் ஒரு குறையும் இல்லை. பிறந்ததுமுதல் இரும்பு தூக்கிய கை. ஆனால் மூளை முழுவதும் வேறொருவனுடைய 'போதும்' நிரம்பியிருந்தது.

"பாவாயி," என்று உதட்டை அசைத்தான். "எடு."

அவள் குனிந்தாள். "உங்க விரலுக்குத்தான் தொறக்கும். சட்டையக் கழட்டி உங்க கட்டவெரல வச்சு அழுத்தோணும். கழட்டட்டுங்களா?" ஒரு கணம் நிறுத்தினாள். "முத்தரசு இங்கயேதான் பாத்துட்டு இருக்குது."

செங்கோடன் கண்ணை உயர்த்தினான். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து முத்தரசன் நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலைக்குமேல் அந்த முகம் அசையாமல் இருந்தது. அவனைச் சுற்றி ராசிபுரத்துக்காரர்கள், பட்டறைக்காரர்கள், கையில் முட்டைகள். சட்டையைக் கழற்றினால் ரெமியின் நீலப் பட்டை அத்தனை பேருக்கும் தெரியும். ஏன் கட்டினேன் என்று சொல்லக்கூட இப்போது அவன் வாயில் பலம் இல்லை.

பாவாயியின் கை முதல் பொத்தானில் இருந்தது.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று ஆட்டினான். உடம்பில் மிச்சமிருந்த எல்லாம் அந்த ஓர் அசைவில் தீர்ந்தது.

ரெமி வந்தான். முட்டைகள் பறந்தன. ஒன்று தலைக்கவசத்தில் உடைந்து வழிந்தது. அவன் கண் இமைக்கவில்லை. பேருந்தின் சன்னலோர இருக்கையில் தூங்குகிறவனின் முகம் அது. வாய் லேசாகத் திறந்திருந்தது. செங்கோடனின் நாற்காலியிலிருந்து கை நீட்டும் தூரத்தில் அவன் வளைவைத் திரும்பினான். மூன்று வாரமாக இந்தக் கணத்துக்காகச் செங்கோடன் காத்திருந்தான். பற்களைக் கடித்து, மூச்சைப் பிடித்து, அடுத்த வளைவுக்கும் அதற்கடுத்ததற்கும் அவனைச் சுமந்தான்.

மலையுச்சி ஊரான சோளக்காட்டில் ரெமி அரைச் சக்கர வித்தியாசத்தில் வென்றான். திரை பொருத்திய லாரி வளைவில் நின்றிருந்தது. கூட்டம் வசை மாரி பொழிந்தது. ரெமியின் படம் வந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு படம் வந்தது. பட்டை வாங்கும்போது எடுத்த, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு ஒரு முகம்.

முதல் தாங்குநர்: மா. செங்கோடன், நாமக்கல்.

வசை நின்றது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கஸ்பார் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க, இல்லீங்க," என்று பாவாயி எழுந்தாள். "அவனக் கவுக்கறதுக்குத்தானுங்க இவரு..." அதற்குமேல் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. லாரித் திரையில் ரெமி சிரித்துக்கொண்டிருந்தான்.

முத்தரசன் கைத்தடியை ஊன்றி எழுந்தான். கூட்டம் வழிவிட்டது. சாலையைக் கடக்க அவனுக்கு நெடுநேரம் ஆனது. நாற்காலிக்கு முன் வந்து நின்று, வியர்வையில் நனைந்திருந்த செங்கோடனின் இடது சட்டைக்கையின் மேற்பகுதியைத் தடியால் லேசாக அழுத்தினான். துணிக்கு உள்ளே நீலம் தெரிந்தது.

"நான் ஓட்டுனப்ப," என்றான் முத்தரசன், "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்ற பட்டயக் கட்டியிருக்கறீங்களாண்ணா?"

செங்கோடன் அவனைப் பார்த்தான். முத்தரசன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. திரும்பி, வந்த வேகத்திலேயே நடந்து போனான்.

தார்ப்பாய்க்குக் கீழே ஓர் அட்டை மிச்சமிருந்தது. முதல் முட்டையை எறிந்தது யாரென்று தெரியவில்லை. அது செங்கோடனின் நெற்றியில் உடைந்தது. மஞ்சள் கரு புருவத்தில் தேங்கி, மெல்லக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க வேண்டும் என்று நினைத்தான். கை வரவில்லை. அடுத்தது மார்பில் விழுந்தது.

திரையில் ரெமி வெற்றிக் கோப்பையை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கினான்.

செங்கோடனின் தோள்கள் வலித்தன.