முன்னால் நடப்பவர்

நிறுத்தி வைத்தால் வண்டி ஒழுங்காக ஓடியது. அதுதான் சென்றாயனுக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு வைத்திருந்தான். மகள் தேவிப்பிரியா முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து செல்போன் டார்ச்சைக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது உதையிலேயே இன்ஜின் பிடித்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை, செம்பில் இறங்கும் பால்தாரை போல ஒரே சீரான சத்தம். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அவன் ஸ்டாண்டை எடுத்து, கியர் போட்டு, முன்சக்கரத்தை ரோட்டில் இறக்கினான். லொக். அணைந்துவிட்டது. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு தேவிப்பிரியா தருமபுரி கலெக்டர் ஆபீசில் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும். மூன்று வருடம் உட்கார்ந்து படித்து வாங்கிய வேலை. சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. ஆள் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்று நாள் மழையில் ஓடைத் தரைப்பாலத்தின் ஓரம் இடிந்ததால் பஸ் ஊருக்குள் வருவதில்லை. தண்ணீர் இறங்கிவிட்டது, டூவீலர் போகலாம் என்றார்கள். அக்கம்பக்கத்தில் வண்டி கேட்டுப் பார்த்தான். இரண்டு வண்டிகள் பாப்பாரப்பட்டியில் மெக்கானிக் கடையில் கிடந்தன, மூன்றாவதற்குச் சொந்தக்காரன் நாளை விடியலில் எங்கேயோ போகிறானாம்.

சென்றாயன் பால் சொசைட்டியில் டெஸ்டர். எதையும் வரிசை தப்பாமல் பார்த்துப் பழகிய கை. முதலில் பிளக்கைக் கழற்றினான். முனை ஈரமாக இருந்தது. முகர்ந்தான். பெட்ரோல் வாசனை இல்லை. செம்மண்ணும் அழுகிய இலையும் கலந்த புதுவெள்ளத்தின் வாசனை. துடைத்து, கேஸ் அடுப்பில் சூடுகாட்டி, மாட்டினான். அரைமணி கழித்துக் கழற்றினால் அதே ஈரம், அதே வாசனை. பிளக் கேப்பை ஊதினான். ஏர் ஃபில்டரை எடுத்து உலர்த்தினான். டேங்கில் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றினான். கடைசியாக கார்பரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி அதன் கீழே ஒரு தம்ளரை வைத்தான். முதலில் பெட்ரோல் சொட்டியது, பிறகு தண்ணீர். கார்பரேட்டரின் அடிக்கிண்ணம் நான்கு ஸ்பூன்தான் கொள்ளும். தம்ளர் நிறைந்து வழிந்தது. மகள் பார்ப்பதற்குள் அதைச் செம்பருத்திச் செடியடியில் ஊற்றிவிட்டு, திருகை இறுக்கினான்.

மெக்கானிக் ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டான். அவனோ, தன் கடையிலேயே முழங்கால் தண்ணீர் நிற்பதாகவும், ஸ்பேனர் தேட மீன்வலைதான் வேண்டும் என்றும் சொல்லிச் சிரித்தான். பிறகு, "ஏங்கண்ணா, தண்ணியில வுட்டு ஓட்டுனீங்களா? எம்புட்டு ஆழம் இருந்துச்சு?" என்றான்.

சென்றாயன், சும்மா மழையில் நனைந்ததுதான் என்றான்.

மாலையில் மின்சாரம் போனது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒற்றையாக ஒரு தவளை எங்கோ அடிக்கடி கத்தி நிறுத்தியது. அவன் வண்டியைத் திரும்ப ஸ்டாண்டில் ஏற்றி உதைத்துப் பார்த்தான். திணறியது, நின்றது, மறுபடி திணறியது. பிறகு திடீரென்று, யாரோ தொண்டையைச் சரிசெய்துவிட்டதுபோல, இன்ஜின் தெளிந்து ஓட ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தான். ஹெட்லைட் வெளிச்சத்தில், யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சின்னம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மாந்தோப்புக் காவல்காரர் பச்சியப்பனின் மனைவி.

"ஏம்பா சென்றாயா, உங்க மாமன முந்தாநாளு ரோட்டுல எங்கியாச்சும் பாத்தியா? வூட்டுக்கு வரல. ஓசூருக்கு, மக வூட்டுக்குப் போயிருப்பாருன்னு இருந்தேன். அங்கயும் வரலியாம்."

"இல்லீங்கத்தை. நான் பாக்கல."

"உன் வண்டியில ஏறுனாருன்னு ஒரு புள்ள சொல்லுச்சு."

"வேற யாரயாச்சும் பாத்திருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அதுவரைக்கும் இன்ஜின் சீராக ஓடியது. அவள் திரும்பி இருட்டுக்குள் போனதும் இரண்டு முறை விக்கி நின்றது.

அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. ஸ்பேனர்களை அளவுப்படி அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

பச்சியப்பனை பாப்பாரப்பட்டியில் ஏற்றிக்கொண்டது உண்மை. ஓடையில் தண்ணீர் பாலத்தின் மேல் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்: பின்னால் உட்கார்ந்தவர் இறங்கி முன்னால் நடப்பார், காலால் தடவித் தரையைப் பார்ப்பார், தண்ணீர் எதுவரை என்று கையைத் தன் உடம்பில் வைத்துக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்து வண்டிக்காரன் பின்னாலேயே வருவான். பச்சியப்பன் தயங்கினார். இருட்டினாலும் பரவாயில்லை, தண்ணீர் இறங்கட்டும் என்றார். சாயங்காலப் பால் எடுக்க நேரமாகிறது என்று சென்றாயன்தான் அவசரப்படுத்தினான்.

"நீங்க போங்க மாமா. நான் பின்னாலயே வரேன்."

அவர் வேட்டியைத் தூக்கிப்பிடித்து இறங்கினார். கணுக்காலில் கை வைத்துக் காட்டினார். பிறகு முட்டியில். பாலத்தின் நடுவில் கை சட்டென்று இடுப்புக்குப் போனது, அடுத்த எட்டில் நெஞ்சுக்கு. அங்கே ஓரம் இடிந்திருந்தது. சென்றாயன் ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தான். ஆக்சிலேட்டரைத் தளர்த்தவில்லை. தளர்த்தினால் சைலன்சர் தண்ணீர் குடித்துவிடும், வண்டி நின்றுவிடும். அந்த நேரத்தில் அவன் நினைத்தது அது ஒன்றைத்தான். அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது பாலத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஏழு மணிக்குத் தூறல் விட்டது. ஒன்பது மணிவாக்கில் ரோடு காய்ந்ததும், ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தேவிப்பிரியாதான் சொன்னாள். தெருவிளக்கு இல்லை, குழி தெரியாது, தான் முன்னால் நடப்பதாகச் சொன்னாள். அவன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். என்ன காரணம் சொல்வது?

"சாமி ஊர்வலம் மாதிரி வாங்கப்பா. நான்தான் தீவட்டி" என்று சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தாள்.

வண்டி பிடித்தது. முன்சக்கரம் ரோட்டில் இறங்கியது. அணையவில்லை. ஒரு வீடு, இரண்டு வீடு, கோயில் மேடு. வாங்கிய நாளில்கூட இந்த வண்டி இப்படி ஓடியதில்லை. அவளுக்கும் சந்தோஷம். ஹெட்லைட்டே போதும் என்று டார்ச்சை அணைத்து போனைப் பைக்குள் போட்டாள். ஒரு குழியருகே ஒதுங்கி, அவனை முன்னால் போகச் சொல்லிக் கைகாட்டினாள்.

அவளைத் தாண்டியதும் இன்ஜின் இருமியது. வெளிச்சம் மங்கியது. அவள் ஓடிவந்து முன்னால் நின்றாள். இன்ஜின் தெளிந்தது.

டெஸ்டர் அல்லவா, அவன் இன்னொரு முறை பார்த்தான். ஓரமாக நிற்கச் சொன்னான். இருமியது. முன்னால் வரச் சொன்னான். தெளிந்தது. மூன்றாவது தடவை பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

போதும், வீட்டுக்கு வா என்றான்.

அவள் திரும்பவில்லை.

நடந்துகொண்டிருந்தாள். ஊர் முடிந்து, ஓடைக்குப் போகும் ரோடு ஆரம்பிக்கும் இடம். தார் காய்ந்து கிடந்தது. ஆனால் அவள் நடை மாறியிருந்தது. ஒரு காலை நீட்டி, விரலால் தரையைத் தடவி, பிறகுதான் மறுகாலை எடுத்தாள். சுடிதாரின் நுனியைத் தூக்கிப்பிடித்தாள்.

குனிந்தாள். கணுக்காலில் கை வைத்துக் காட்டினாள்.

"பிரியா."

முட்டி.

அவன் ஆக்சிலேட்டரை விட்டான். வண்டி அணைந்து நின்றது. இன்ஜின் ஓடினால்தான் இந்த வண்டிக்கு லைட். இருட்டு மூடியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்குத் தெரிந்தது. சளக். சளக். காய்ந்த ரோட்டில், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடக்கும் கால்கள். தூரம் போய்க்கொண்டே இருந்தன.

இறங்கி ஓடினான். சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முன்னாலா, இடப்பக்கமா. குழியில் விழுந்தான். எழுந்து தடவித் தடவி வண்டிக்கே திரும்பினான். உதைத்தான். முதல் உதையிலேயே பிடித்தது.

வெளிச்சத்தில் அவள் இருந்தாள். முன்னைவிடத் தூரத்தில். கை இடுப்பில்.

விட்டால் இருட்டு. முறுக்கினால் அவள் நடக்கிறாள். அவன் முறுக்கிக்கொண்டே பின்னால் போனான். கை விட மறுத்தது.

நெஞ்சு.

"நான் பாத்தேன் மாமா." சென்றாயன் கத்தினான். "நீங்க போனத பாத்தேன். நான் நிறுத்தல. அத்தைகிட்ட சொல்லிடறேன். காலையில சொல்லிடறேன். எம்பொண்ண வுட்டுடுங்க."

அவள் நின்றாள்.

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இருமல் இல்லை.

மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் திறந்திருந்தன. அவனைப் பார்த்தன, அடையாளம் கண்டன, பயந்தன. வாய் இறுக மூடியிருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. கை கழுத்தில் இருந்தது. பிறகு வாய்க்கு ஏறியது. பிறகு தலைக்குமேல்.

காற்று துளியும் இல்லை. ரோட்டோரப் புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அவள் பின்னல் மட்டும் பிரிந்து, இழை இழையாக, தோளைவிட்டு மேலெழும்பி, இடப்பக்கமாக நீண்டு மிதந்தது.