உயரம் பார்க்கும் கண்

"ஆறு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம்க்கா. போடலேன்னா போலீஸாம்."

வந்தவள் சுரங்கச்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் திரைகளைக் கவனிப்பவள். நகரத்தின் நடுப்பகுதியைத் தொடாமல், அதன் அடியில் புகுந்து அப்பால் போகும் விரைவுச்சாலை அது. அன்று காலை எட்டேகாலுக்கு, உயரமான இயந்திரம் ஏற்றிய லாரி ஒன்று உள்ளே நுழைந்து கூரை விளக்குகளைப் பெயர்த்துப் போட்டது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஆசிரியைக்குக் கால் முறிந்தது. பழி இவள் தலையில் விழுந்தது. 'எச்சரிக்கை மணியை நான்தான் அணைத்தேன், பதிவையும் அழித்தேன்' என்று மேலாளரே அவளுக்காகப் பெரிய மனசு பண்ணித் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்.

"மணி அடிக்கவே இல்லக்கா. சத்தியமா."

அக்கா இருபது வருஷம் விபத்து வண்டிகளைப் பார்த்து, பொய் சொல்வது யார் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொன்னவள். கூடப்பிறந்த தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். துப்பு என்று காதில் விழுந்தால் போதும், மாணவனை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான். அன்றும் அப்படித்தான் வந்தான்.

காலை ஏழு மணிக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. அக்காவும் தம்பியும் போனபோது, சுரங்க வாயிலில் கம்பத்தின் மேலிருந்த கண்ணாடிக் கண்ணைச் சோதித்துவிட்டுத் தொப்பலாக நனைந்து இறங்கினான் பராமரிப்பாளன்.

"எதிர்க் கம்பத்துல கண்ணாடி இருக்கு பாருங்க. இந்தக் கண் ஒளியை அங்க அனுப்பும், அது திரும்பி வரும். வரலேன்னா உயரமான வண்டி குறுக்க நிக்குதுன்னு அர்த்தம். மணி அடிச்சுத் தடுப்பு விழுந்துடும். இப்ப நல்லாத்தான் வேலை செய்யுது."

"கம்பத்துல நீங்க வேலை பார்க்கும்போது மணி அடிக்காதா?" என்று கேட்டாள் அக்கா.

அவன் நெளிந்தான். "போட்டிருக்கிற ஆரஞ்சுக் கோட்டைக் கழட்டி, அதுல வெளிச்சம் பட்டா மின்னுற வெள்ளிப் பட்டை கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி கட்டிடுவோம். ஒளி அதுல பட்டே திரும்பிடும். அப்புறம் யானை போனாலும் அதுக்குத் தெரியாது. மேலாளர்கூடப் போன மாசம் பார்த்துட்டு ஏசினாரு."

"ஆள் சிக்கியாச்சு!" என்று தம்பி அக்காவின் காதில் கிசுகிசுத்தான்.

"அவசரக்குடுக்கை. இவனைப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

மேலாளரின் அறையில் ஜன்னலைவிடப் பெரியதாக நிறுவனத் தலைவரின் படம் தொங்கியது. கீழே மேலாளர்: மடிப்புக் கலையாத சட்டை, முகம் பார்க்கலாம் போல ஷூ. கதவுக்குப் பின்னால், முதுகில் 'மேலாளர்' என்று எழுதிய ஆரஞ்சுக் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் சாலையில் இறங்கி யாராவது பார்த்திருந்தால் அதிசயம்தான்.

"விடியறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்தவன் நான். இந்த அறைச் சாவி என்கிட்ட மட்டும்தான். சத்தம் கேட்டப்புறம்தான் குடை பிடிச்சுக்கிட்டு ஜீப்புல போனேன். இதுங்களை எல்லாம் வேலைக்கு வெச்சது என் தப்பு. போன வாரம் ஒரு காக்கா பறந்ததுக்கே தடுப்பு விழுந்து, தலைவரோட காரே கால் மணி நேரம் நின்னுது தெரியுமா? இன்னிக்கு எட்டு மணிக்கு விருந்தாளிகளோட சுகமாப் போனாரு!"

இப்படிப்பட்டவர்கள் எப்படித்தான் பெரிய நாற்காலியில் போய் உட்காருகிறார்களோ என்று தம்பிக்கு வயிறு எரிந்தது.

ஐந்தரை மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். தலைவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். அக்கா அந்த ஆரஞ்சுக் கோட்டை மேஜைமேல் விரித்தாள்.

"பராமரிப்பாளர் மழையில நின்னவர், உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்தாரு. மேலாளர் சட்டை நனையல, ஷூ நனையல. கோட்டு மட்டும் உள்பக்கம்கூட ஊறிக் கிடக்கு. ஆள் இல்லாம இது தனியா எங்க போய் நனைஞ்சுது சார்?"

"ஜீப்புலேர்ந்து இறங்கும்போது..."

"குடைக்குள்ள இருந்த மனுஷனை விட்டுட்டு, அவர் போட்டிருந்த கோட்டை மட்டும் தேடிப் பிடிச்சு நனைச்ச மழையா? தோள்பட்டையில கயிறு இறுக்கின தடம் பாருங்க. மழைக்கு முன்னாடியே கம்பத்துல கட்டியாச்சு, தலைவர் கார் நிக்கக் கூடாதுன்னு. விபத்துக்கு அப்புறம் குடையோட போய், கீழேர்ந்தே கயித்தை இழுத்து அவுத்தாச்சு. கண்ணு குருடா இருந்தா மணி எப்படி அடிக்கும்? இல்லாத பதிவை இந்தப் பொண்ணு எப்படி அழிப்பா?"

தம்பிக்கு ஒரு சந்தேகம். "எட்டு மணிக்கே அவுத்திருக்கலாமே அக்கா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "அப்ப நான்தான் போன்ல இவரைப் பாராட்டிக்கிட்டு இருந்தேன். கால் மணி நேரம்."

"அதுல உச்சி குளிர்ந்து மறந்துட்டாரு" என்றாள் அக்கா. "ஒரு சபாஷுக்கு ஒரு டீச்சரோட கால்."

மேலாளர் கைகூப்பினார், அதையும் தலைவரைப் பார்த்துத்தான். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். தம்பிக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. தரை சுத்தமாக இருந்ததால் விட்டுவிட்டான்.

காலையிலிருந்து அழுத கண்ணோடு நின்றவள் மேஜையருகே வந்தாள். மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பிரித்து, திருப்பி, மேலாளர் முன்னால் வைத்தாள்.

"பின்பக்கம் காலியா இருக்கு சார். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, எழுதுங்க."