கறுப்புக்குள் ஒரு படி

கறுப்பில் ஒரு படி தெரிந்தது. நீளவாட்டில் வெட்டி அச்செடுத்த சோதனைத் துண்டை ராஜி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். தம்பி கிட்டுவின் கன்னத்தில் வெளுப்பாகத் தொடங்கி, காதுக்குப் பின்னால் சாம்பலாகி, படத்தின் இடது பக்கத்து இருட்டுக்குள் சத்தமில்லாமல் கரைய வேண்டிய நிழல், தோளுக்கு மேலே ஓரிடத்தில் தட்டி நின்றது. அங்கே மெல்லிய கோடு ஒன்று. அதைத் தாண்டினால் மறுபடி கறுப்பு. அந்த இடத்தில் கோடு விழ எந்தக் காரணமும் இல்லை.

மை வரும் துளை அடைத்திருக்கும் என்று நினைத்து பிரிண்டரைச் சுத்தம் செய்யவிட்டாள். அது உள்ளுக்குள் உறிஞ்சி, இருமி, இழுத்து அடங்கியது. வெளியே ஜூலை மழை புனே வானவடியின் அடுக்குமாடிகளைச் சாயங்காலம் ஆகும் முன்பே இருட்டாக்கியிருந்தது. ஐந்தாவது மாடியின் அந்தச் சின்ன அறையில் ஈரச் சுவர் வாசனையும் மையின் புளித்த வாசனையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன.

புனேயில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் யார் போனாலும் மாலை போடும் படத்துக்கு ராஜியிடம்தான் வருவார்கள். கடையில் கொடுத்தால் கறுப்பு வெள்ளைப் படம் பச்சையடிக்கும், இல்லை ஊதாவடிக்கும். ராஜி பிரிண்டரிலிருந்து வண்ண மைகளை எடுத்துவிட்டு மூன்று சாம்பல் மைகளை நிரப்பி வைத்திருந்தாள். வெறும் கறுப்பு மையில் அடித்தால் வெளிறிய நெற்றியில் மிளகுப்பொடி தூவினதுபோல் புள்ளி தெரியும். சாம்பலும் சேர்ந்தால் வெளிச்சம் எங்கே முடிந்தது, நிழல் எங்கே தொடங்கியது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் அப்படிப் படம் போட்டுக் கொடுத்தவள், இன்று தன் வீட்டுச் சாவுக்குப் போட உட்கார்ந்திருந்தாள். நாளை பதிமூன்றாம் நாள்.

கிட்டு அம்மாவோடு ஊரின் மறுகோடியில், லோஹேகாவில் இருந்தான். ராஜியின் கணவன் ஜெயந்தோடு தளேகாவ் தாண்டி ஒரு கோட்டைக்குப் போனவன், மேகம் இறங்கியிருந்த நேரத்தில் விளிம்பில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். ஜெயந்த் அப்போது கீழே டீக்கடையில் இருந்தான். போலீஸிடமும் அதைத்தான் சொன்னான். கோட்டைச் சுவரில் கிட்டு வைத்த கேமரா அப்படியே இருந்தது என்று ஜெயந்த்தான் எடுத்து வந்து கொடுத்தான். தானே படம் எடுத்துக்கொள்ளும் டைமரை அழுத்திவிட்டுக் கோட்டை வாசலில் போய் நின்றிருக்கிறான். வலது பக்கம் மேக வெளிச்சம், இடது பக்கம் வாசலின் இருட்டு, நடுவே பாதிச் சிரிப்பு. அம்மாவுக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டும்.

போன் அடித்தது.

"ஆச்சாடி ராஜி?"

"ஆயிண்டிருக்கும்மா."

"படத்துல வேற யாரும் வரப்படாது. உசிரோட இருக்கறவா கை, நிழல்கூட விழப்படாதும்பா. நன்னா பார்த்து வெட்டு."

"அவன் தனியாத்தாம்மா நிக்கறான்."

அம்மா போனை வைத்தாள். அம்மா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கும்போது, பக்கத்தில் நின்றவரின் விரல் தோளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நிழலுக்குள் அதைத் தேடி அழிப்பதுதான் ராஜியின் முதல் வேலை. இந்தப் படத்தில் மட்டும் அவள் தேடவில்லை. தேட வேண்டாம் என்று ஜெயந்த் சொல்லியிருந்தான்.

"லெஃப்ட் ஸைடு பூரா இருட்டுதான். அதைப் போய் நோண்டிண்டு இருக்காதே. அப்படியே கறுப்பா விட்டுடு, போறும்."

காலையில் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான். ஆறு வருஷமாக அவளுடைய படங்களில் எது கறுப்பு, எது வெளுப்பு என்று கேட்டிராதவன். அப்போது அது அன்பாகத்தான் தெரிந்தது.

ஆனால் அப்படியே விட முடியாதே. முகத்தை ஒட்டி மொத்தையாகக் கறுப்பு நின்றால் அங்கே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். மாலைக்குப் பின்னால் தம்பியின் பக்கத்தில் அப்படி ஒரு ஓட்டையை அம்மா தினமும் பார்க்க வேண்டாம். ராஜி கம்ப்யூட்டரில் இருட்டை மட்டும் கொஞ்சம் வெளுக்கவைத்தாள். கோடு விழாமல் இருக்க, கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே இன்னும் நிதானமாகச் சாயல் இறங்கும்படி மாற்றினாள். இரண்டாவது துண்டு வெளியே வந்தது. மையின் ஈரத்தில் எல்லாக் கறுப்பும் ஒன்றுதான். காய்ந்தால்தான் அதனதன் சாயல் வெளியே வரும். காத்திருந்தாள்.

காய்ந்தது. கோடு போய்விட்டது. அது இருந்த இடத்தில் நான்கு வெளிறிய மேடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, கிட்டுவின் தோள்மேல்.

சட்டை மடிப்பு என்று சொல்லிக்கொண்டாள். மூன்றாவது துண்டை அச்செடுத்தாள். இந்தத் தடவை காய்வதற்கு முன்பே தெரிந்தது. அது கை. வாசலின் இருட்டுக்குள்ளிருந்து நீண்டு வந்த கை. கடைசி விரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

ஜெயந்தின் கை. கல்லூரி நாளில் கிரிக்கெட் பந்து பட்டு உடைந்து, கோணலாகவே கூடிவிட்ட சுண்டு விரல் அது. குளிர்காலத்தில் அது வலிக்கிறது என்பான். அவள்தான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். இந்தப் பன்னிரண்டு நாளும் அவள் சாப்பிடாமல் கிடந்தபோது ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டியதும் அதே கைதான்.

டீக்கடையில் இருந்தானாம்.

கிட்டு கடைசியாகப் பேசியது நினைவுக்கு வந்தது. "அக்கா, ஞாயித்துக்கெழமை வந்து ஒரு விஷயம் சொல்றேன். போன்ல வேண்டாம். அத்திம்பேர்ட்ட இப்போ எதுவும் கேக்காதே." அவள் கேட்டுவிட்டாள். ஏதோ விஷயமாம், உங்களுக்குத் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். புருஷனிடம் எதை மறைப்பது என்ற வழக்கம். சனிக்கிழமையே அவன் கிட்டுவைக் கோட்டைக்கு அழைத்துப் போய்விட்டான்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவன் கழுத்தை அறுத்துவிட்டு வந்து நம்பவைத்திருக்கிறான். அவள் அழுதபோதெல்லாம் அவன் தோளில்தான் சாய்ந்து அழுதிருக்கிறாள். அதை நினைத்தபோது துக்கத்தைவிட அருவருப்பு முன்னால் வந்தது. கேமராவின் குட்டித் திரையில் பார்த்துவிட்டு, வெறும் கறுப்பு என்று நம்பி, அவள் கையிலேயே கொடுத்திருக்கிறான்.

முழுப் படத்தையும் கையோடு அச்செடுத்து, அவன் வருவதற்குள் லோஹேகாவ் போய்ச் சேர வேண்டும். அம்மாவிடம் காட்ட வேண்டும். பிறகு போலீஸ். கம்ப்யூட்டரில் விட்டுவைத்தால் ஒரு நொடியில் அழித்துவிடுவான். பெரிய தாளை ஏற்றி, பட்டனை அழுத்தினாள்.

பிரிண்டரின் தலை இடமும் வலமுமாக நகரத் தொடங்கியது. சர்ரக். சர்ரக். தலைமுடி வந்தது. நெற்றி வந்தது.

கரண்ட் போனது.

மழை என்றாலே போகிற கரண்ட்தான். யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வந்துவிடு, வந்துவிடு என்று பிரிண்டரிடம் முணுமுணுத்தாள். கண்கள் வந்தன. யூ.பி.எஸ்.ஸின் கீச்சு நீண்டு, இழுத்து, நின்றது. திரை அணைந்தது. அறை முழுக்க மழை வெளிச்சம் மட்டும்.

சர்ரக்.

பிரிண்டர் நிற்கவில்லை.

விளக்கு இல்லை. கரண்ட் இல்லை. தலை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல். ராஜி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். தாள் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கியது. சிரிப்பு வந்தது. தோள் வந்தது. தோளின்மேல் அந்தக் கை.

இன்னொரு கையும் வந்தது.

கிட்டுவின் வெளிச்சப் பக்கத்துக் கை. படத்தில் அது தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கியதை அவள் பார்த்திருக்கிறாள், மத்தியானம் முழுக்கப் பார்த்திருக்கிறாள். இப்போது அது மார்பைக் கடந்து மேலே வந்து ஜெயந்தின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. இறுக்கமாக. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஒரு கோடில்லை, ஒரு புள்ளியில்லை. அவள் வாழ்நாளில் இவ்வளவு வழுவழுப்பான சாம்பலை அச்செடுத்ததில்லை.

பூட்டில் சாவி திரும்பியது.

"ராஜி? ஆச்சா?"

ஜெயந்த். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். ராஜி ஈரப் படத்தை ஓரத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். வேறு வாசல் இல்லை.

"என்னமோ தெரியலை, ஸ்கூட்டர்ல வரச்சயே கை மரத்துப்போச்சு. கொஞ்சம் எண்ணெய் காய்ச்சேன்."

ஹாலில் நின்று கோட்டைக் கழற்றினான். சட்டைக் கையை மேலே தள்ளினான். ராஜி அறை வாசலில் நின்று பார்த்தாள். அவன் மணிக்கட்டில் நான்கு பட்டைகள். நடுவில் நல்ல கறுப்பு. ஓரத்துக்குப் போகப் போகச் சாம்பல், வெளிர்சாம்பல், பிறகு தோல். எங்கேயும் ஒரு படி இல்லை.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் கையில் இருந்த படத்தை. நிறைய நேரம் பார்த்தான். இடது பக்கத்தை மட்டும்.

"இதை நீ ஏன்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

அவன் கை எழுந்தது. அவன் தூக்கவில்லை. குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துப் போவதுபோல், மணிக்கட்டு முன்னால் போக, முழங்கை நீள, தோள் பின்னாலேயே திரும்பியது. மழைக்காகச் சாத்தியிருந்த பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. ஈரத் தரையில் அவன் செருப்பு தேய்ந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. மற்றக் கையால் சோபாவைப் பிடித்தான். சோபாவும் நகர்ந்தது.

"ராஜி." குரல் சின்னதாகிவிட்டது. "விடச் சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

கேட்பான். சின்ன வயதிலிருந்து அக்கா சொன்னால் கேட்பான்.

ராஜி படத்தைப் பார்த்தாள். மை காய்ந்துகொண்டிருந்தது. காயக் காய, வாசலின் இருட்டிலிருந்து கைக்குப் பின்னால் ஒரு முழங்கை, ஒரு தோள், வாய் திறந்த ஒரு முகம் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தன. கிட்டுவின் பாதிச் சிரிப்பு இப்போது முழுதாகியிருந்தது. பால்கனிக் கம்பியில் ஏதோ மோதியது. ஜெயந்த் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் ஈரத்தில் விரல் படாமல் படத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றாள்.