இரைச்சல் வந்தால் மட்டும்

கதவைத் திறந்தவளின் வாயில் இரண்டு குண்டூசி இருந்தது. அதனால் முதலில் கண்தான் பேசியது... யார் நீ, என்ன வேணும், சீக்கிரம் சொல்லு.

"கீழ் வீடுங்க," என்றான் அவன். "உங்க தையல் மெஷினைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? நான் பாடிப் பதிவு பண்றதுல கொர்ருன்னு வருது."

அவள் ஊசிகளை எடுத்துத் தோள் துணியில் குத்திக்கொண்டாள். "மெஷின் மேல ஓடுது, பாட்டு கீழ ஓடுது. சத்தம் எப்படிங்க இறங்கி வரும், படியிலயா?"

"காதுக்குக் கேக்கலைங்க. உங்க மெஷின் மோட்டார் இரைச்சல் என் ஒயர்ல ஏறி வருது."

"நல்ல கதையா இருக்கே."

நம்பாமல்தான் இறங்கி வந்தாள். பகலெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிறவனின் வீடு. மூலையில் சிமென்ட் படிந்த பை. மேசை மட்டும் துடைத்துச் சுத்தமாக. மைக்கிலிருந்து மிக்சருக்கு ஒரு ஒயர். மிக்சரிலிருந்து இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டிக்கு இரண்டு. அந்தப் பெட்டிதான் பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் என்று சொல்லி, ஹெட்போனை நீட்டினான்.

அவள் மாட்டிக்கொண்டு, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, மெஷினைக் கொஞ்சம் மிதி."

கொர்ர்ர்... அம்மா காலை எடுத்ததும் நின்றது. அவள் கண் விரிந்தது. அந்தக் கண்ணை அவன் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

"நான்தான் போல," என்றாள். "சரி, இரைச்சல் வந்தா வந்து சொல்லுங்க, நிறுத்திக்கிறேன். வந்தா மட்டும். சும்மா வந்து கதவைத் தட்டினா எங்கம்மா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க."

அன்றிலிருந்து இரைச்சல் வராத நாளில்லை. அவன் ஏறாத நாளுமில்லை.

"இன்னும் எத்தனை கால்சட்டை?"

"கிடக்கு ஒரு மூட்டை. உங்களுக்கு இன்னும் எத்தனை வரி?"

"சரணம் முழுக்க."

மழை பெய்தால் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளும். நாள் பூராவும் மண்டியிட்டு வேலை செய்த முட்டிக்கு அந்தப் படி மட்டும் வலிக்கவில்லை.

மைக் வாடகைக்கு விடும் கடைக்காரர்தான் கெடுத்தார். ஒயரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மிக்சருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவுல இதையா போடுவாங்க? உள்ள மூணு கம்பி ஓடுற ஒயர் போடுப்பா. வெளி இரைச்சலை அதுவே தள்ளிடும்."

போட்டான். தள்ளிவிட்டது. பாட்டு துல்லியமாக வந்தது... இனி எதைச் சொல்லிப் படியேறுவது?

பழைய ஒயரையே செருகலாம். கெட்டதென்று தெரிந்த பிறகு கை வரவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடலாம், வாய் வரவில்லை. சில நாள் பொறுத்தான். பிறகு ஒரு சாயங்காலம், தூறலோடு தூறலாக, ஏறிவிட்டான்.

"இரைச்சல் வருதுங்க."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "இன்னிக்கா?"

"இப்பதான். பலமா."

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "யாருடி?"

"கீழ் வீட்டுக்காரரும்மா. நம்ம மெஷின் சத்தம் ஒயர்ல வருதாம்."

"மோட்டார்தான் காலையிலேயே புகைஞ்சு போச்சே?"

"அதைத்தான்மா நானும் கேக்கப் போறேன்." அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. எங்கேயிருந்து வருது?"

அவனுக்குப் படியிறங்கி ஓடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"பொய்ங்க," என்றான். "ஒயரை மாத்திட்டேன். இப்பல்லாம் ஒண்ணும் வர்றதில்லை. நீங்க மேல இருக்கீங்களா, தைக்கிறீங்களான்னு தெரியாம... பாட்டே ஓட மாட்டேங்குது. உங்களைக் கட்டிக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

அவள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மழை வலுத்தது.

"ஒயரை மாத்தினவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள், அம்மாவுக்குக் கேட்காத குரலில். "நான் பாட்டுக்கு மெஷின்ல துணியே வைக்காம மிதிச்சேன்... வருவீங்க, வருவீங்கன்னு. மோட்டார் அதுலதான் போச்சு."

அவள் கதவை முழுக்கத் திறந்தாள்.

"உள்ள வாங்க. மோட்டார் கதையை அம்மாகிட்ட நான் சொல்றேன். மத்ததை நீங்க சொல்லுங்க."